லட்சுமிபாய் சொன்ன சாட்சி

மும்பையில் தமிழ்ச் சபைகளுக்குப் போகிறவர்களுக்குச் 'சாட்சி' என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வார். முன்பு குடித்தேன், கடன்பட்டேன், வீட்டில் ஓயாத சண்டை, ஒருநாள் ஜெபத்தில் எல்லாம் மாறியது. தாராவியிலும் சரி, செம்பூரிலும் சரி, பெரும்பாலும் இதுதான் வடிவம். நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒருநாளுக்கு முன்னும் பின்னும் பட்ட தடுமாற்றத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை.

அதைச் சொன்ன ஒரு மராட்டியப் பெண்மணியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

லட்சுமிபாய் திலக் 1868-ல் நாசிக் பக்கத்தில் ஜலால்பூரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மடி ஆசாரம் என்றால் வெறி. பெண்ணுக்குப் படிப்பு கிடையாது. பதினோரு வயதில் நாராயண் வாமன் திலக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்ல கவிஞர். ஆனால் முன்கோபி. கையில் காசு தங்காது. சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

1893-ல் ராஜ்நந்த்காவ் போகும் ரயிலில் கூடப் பயணம் செய்த ஒருவர் திலக்கிடம் புதிய ஏற்பாட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மலைப்பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1895 பிப்ரவரி 10 அன்று, இதே பம்பாயில், அமெரிக்கன் மராத்தி மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஒரு வழக்கமான சாட்சி இங்கே முடிந்திருக்கும். லட்சுமிபாயின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கையில் சின்ன மகன். புருஷன் உயிரோடு இருக்கிறார், ஆனால் உறவுக்காரர்கள் கண்ணில் சாதி கெட்டவர். கோபமும் அவமானமும் தாங்காமல் தவித்தார். சொந்தக்காரர்களோடு பண்டரிபுரத்தில் போய் இருந்தார். நாலைந்து வருடம் பிரிவு. பிறகு திலக்கிடமே திரும்பி வந்தார். ஆனால் கிறிஸ்தவராக வரவில்லை. அகமத்நகரில் கிறிஸ்தவர்கள் நடுவில் இருந்துகொண்டே தனியாகச் சமைத்து, தன் மடியைக் காப்பாற்றிக்கொண்டார். அவர்கள் தொட்டதைச் சாப்பிட அவருக்கு அருவருப்பாக இருந்தது. இதை ஒளிக்காமல் பின்னாளில் அவரே எழுதினார்.

பிறகு ராகுரி என்ற ஊரில் இருந்தபோது, சாதியைக் கடவுளா உண்டாக்கினார், மனிதனா என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இனி யார் கையாலும் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம் என்று தீர்மானித்தார். கவனியுங்கள், அப்போதும் அவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. முதலில் விழுந்தது சாதிச் சுவர். ஞானஸ்நானம் அதற்குப் பிறகு, 1900-ல்.

எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் போன அந்தக் காலம்தான். அத்தனை நாளும் தன் சமையலைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்கு இடம் கிடைத்தது. அப்படி இடம் இல்லாமல் போயிருந்தால் ஒன்று பண்டரிபுரத்துக்கே ஓடியிருப்பார், இல்லையென்றால் மாறியதுபோல் நடித்திருப்பார்.

1919-ல் திலக் இறந்தார். அவர் பாதியில் விட்டுப்போன 'கிறிஸ்தாயன்' காவியத்தைத் தொடர்ந்து எழுதியவர், பள்ளிக்கூடமே போகாத லட்சுமிபாய். 1934 முதல் அவருடைய தன்வரலாறு 'ஸ்மிருதிசித்ரே' பகுதி பகுதியாக வெளிவந்தது. 1936-ல் அவர் காலமானார். மராத்தியில் அந்த நூலுக்கு இன்றும் தனி இடம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. கணவரையும் விடுவதில்லை, தன்னையும் விடுவதில்லை.

நம்மிடமும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைத் தெரிந்திருக்கும். வைணவராகப் பிறந்து 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தவர். பன்யன் கதையில் சிலுவையடியில் சுமை கழன்று விழுந்த பிறகும் பயணம் முடிவதில்லை. சந்தேகக் கோட்டையில் சிறைப்படுவது அதற்கு அப்புறம்தான்.

அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் குடியேறியவர்கள் பலர். அவர்கள் மூட்டையில் பைபிளும் வந்தது, ஊரின் சாதியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்கு. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் "நம்ம ஆட்கள்தானே?" என்ற கேள்வி. குடியை விட்டேன் என்று எழுந்து சொல்லுகிற நம் சபைகளில், "எனக்குச் சாதி இன்னும் போகவில்லை, போராடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னவரை நான் இதுவரை கேட்டதில்லை.

அப்படி ஒருவர் எழுந்து சொன்னால் நாம் என்ன செய்வோம்? முகம் சுளிப்போமா? "அதெல்லாம் நம்மிடம் இல்லை" என்று உட்கார வைப்போமா? லட்சுமிபாய்க்குக் கிடைத்த அவகாசம் அவருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் ஒன்று. அந்த அவகாசத்தில் லட்சுமிபாய் சும்மா இருக்கவில்லை, யோசித்தார். நமக்கு நூறு வருடத்துக்கு மேலாகவே அவகாசம் கிடைத்துவிட்டது.