தமிழ் எழுத்தும் இணையத்தளமும்

மும்பைத் தமிழரிடையே நெடுநாளாக ஒரு நல்ல வழக்கம் நிலவி வருகிறது. தாராவியிலாயினும், மாட்டுங்காவிலாயினும், செம்பூரிலாயினும், ஒரு சங்கமோ பள்ளியோ கோயிற் குழுவோ வெள்ளி விழாக் கொண்டாடினால், சிறப்பு மலர் ஒன்று வெளியிடுவர். ஊரை விட்டு வந்த முதியோரின் நினைவுகளும், அரிய நிழற்படங்களும் அதில் இடம்பெறும். விழா முடிந்ததும் அம்மலர் பரணுக்குச் சென்றுவிடும். மும்பையின் மழைக்காலம் நான்கைந்து கழிந்தால், தாள் ஒட்டிக்கொள்ளும், கறையான் அரிக்கும். ஒரு தலைமுறையின் வரலாறு அத்துடன் மறையும்.

இந்நினைவுகளை இணையத்தளத்தில் ஏற்றி வைத்தால் என்ன, அதனை அமைக்கத் தொடங்குவது எவ்வாறு என்று இளைஞர் பலர் இன்று கேட்கின்றனர். விடை எளிது. எனினும், தமிழில் இதனை முதன்முதல் செய்தவர்கள் கடந்து வந்த வழியை அறிந்துகொண்டு தொடங்குதல் நலம். அவர்கள் கண்ட இடர்களிலேயே நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது.

கணினி வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. சென்னையிற் பிறந்த அறிஞர் ஆர். நரசிம்மன் 1954-ஆம் ஆண்டு இந்நகரின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான கணினி 1960-இல் இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார். பின்னர் 1986-இல், இங்கிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திற்கும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியே மின்னஞ்சல் சென்று வந்தது.

இவ்வாறு கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கருகே ‘செர்ன்’ என்னும் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ ஓர் எளிய கருத்தைக் கண்டார். ஓரிடத்தில் எழுதி வைத்த பக்கத்தை வேறெங்கிருந்தும் படிக்கலாம். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றிற்கு இணைப்பு வழியே செல்லலாம். 1989-இல் அவர் முன்வைத்த இத்திட்டம் 1991-இல் உலகத்தார் பார்வைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30-ஆம் நாள், இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அந்நிலையம் அறிவித்தது. வலை இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அவ்வறிவிப்பும் ஒரு காரணமாகும்.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிடப்பட்டது. பம்பாய் என்னும் பெயர் மும்பை என அரசு முறையில் மாறியதும் அதே ஆண்டிற்றான். எனினும், தாராவியின் சிறு வீடுகளுக்கு இணையம் அன்று எட்டாக் கனியே.

தமிழ் வலையேறியதும் அவ்வாண்டேயாகும். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தொகுத்த இணையத்தளம் அந்நாட்டிற் தொடங்கப்பெற்றது. அதன் தமிழ்ப் பகுதியை உருவாக்கியவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. பக்கம் எழுதுவது அவருக்குப் பெரிய வேலையாக இருந்திராது. எழுத்தே பெரிய வேலையாயிற்று. ‘கணியன்’ என்னும் எழுத்துருவை அமைத்த பின்னரே அவரால் தமிழை வலையிற் காட்ட முடிந்தது.

அஃது ஏன்? பழைய அச்சுக்கூடத்தை நினைவு கூருங்கள். அச்சுக் கோப்பவர் எழுத்துப் பெட்டியைப் பாராமலே, இந்த அறையில் ‘க’, அந்த அறையில் ‘ம’ என்று கைப்பழக்கத்தால் எடுத்துக் கோத்துவிடுவார். அவருக்குத் தெரியாமல் அறைகளை மாற்றி அடுக்கிவிட்டால், கை பழைய அறைக்கே செல்லும். ‘கடல்’ என்பது பொருளற்ற எழுத்துக் குவியலாகும். அந்நாளைய கணினியும் அத்தகையதே. எழுத்துக்கு அது தந்த அறைகள் 256. அவற்றுள் முதற்பாதியை உரோமன் எழுத்துகள் பிடித்துக்கொண்டன. எஞ்சிய அறைகளில் தமிழை அடுக்கிய ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஆதலால், ஒருவர் எழுதியதைப் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க அறிஞர்கள் அரும்பாடு பட்டனர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. பொதுவான அடுக்குமுறைகள் வகுக்கப்பெற்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினர். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி வலையேற்றினர். அடுக்குமுறை மாறிய போதெல்லாம் நூல்களையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. அலுப்பூட்டும் அவ்வேலையைச் செய்தமையாலன்றோ அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன!

நிலையான தீர்வு ஒருங்குறி. ‘யூனிகோடு’ எனப்படும் இம்முறையில் உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. வலை வெளிவந்த அதே 1991-இல் இதன் முதற்பதிப்பும் வந்தது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எனினும், 2000-க்குப் பின்னரே பரவலான கணினிகள் இதனை ஏற்றுத் தமிழைக் காட்டத் தொடங்கின.

செம்பூரில் வாழும் என் நண்பரொருவர் ஒரு குறுந்தட்டைக் கொண்டுவந்தார். மறைந்த அவர் தந்தையார், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்த கதையை 2000-ஆம் ஆண்டளவில் கணினியில் எழுதி வைத்திருந்தார். திறந்தோம், பக்கம் பக்கமாகப் புள்ளிகளும் கோடுகளுமே தோன்றின. மொழிபெயர்ப்பு என் தொழில். ஆனால், அம்மொழி எனக்கும் தெரியவில்லை! பின்னர் எழுத்துருவின் பெயரைக் கண்டறிந்து, மாற்றி மென்பொருளின் துணையால் பெரும்பகுதியை மீட்டோம். சில ஊர்ப்பெயர்கள் மட்டும் இன்றுவரை ஐயத்திற்குரியனவாகவே நிற்கின்றன. கேட்டுத் தெளியத் தந்தையார் இல்லை.

ஆகவே, தொடங்க விழைவோர் செய்யத்தக்கன இவை. கணினியில் உள்ள எளிய எழுது கருவியே முதற்படிக்குப் போதும். இது தலைப்பு, இது பத்தி, இது படம் எனக் கோணக் குறிகளுக்குள் அடையாளமிட்டு எழுதும் முறைக்கு ‘எச்.டி.எம்.எல்.’ என்று பெயர். பத்துப் பன்னிரண்டு குறிகளைக் கற்றால் ஒரு பக்கம் அமைத்துவிடலாம். ஒருங்குறியிலேயே தட்டெழுதி, ‘யூ.டி.எஃப்.-8’ என்னும் முறையிற் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனைக் குறித்திடுக. அக்கோப்பை உங்கள் கணினியிலுள்ள உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். இதுவரை ஒரு காசும் செலவில்லை.

பிழைகளைத் திருத்திய பின்னரே முகவரியும் இடமும் தேடுக. முகவரி ஒருமுறை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் பொருளன்று. குறித்த காலத்திற்கொருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. இலவசமாகக் கிடைக்கும் இடத்தையும் முற்றும் நம்புதல் ஆகாது. எத்தனையோ பேர் முதற்பக்கம் எழுதிப் பழகிய ‘ஜியோசிட்டீஸ்’ என்னும் இலவசத் தளத்தை அதன் உரிமையாளர் 2009 அக்டோபரில் மூடிவிட்டனர். ஆதலால், எழுதியவற்றின் படியைக் குறைந்தது இரண்டு இடங்களிற் காத்து வைத்தல் வேண்டும்.

அன்பர்களே, முன்னோடிகள் எழுத்தையே செய்துகொண்டு எழுத வேண்டியிருந்தது. நமக்கு எழுத்து ஆயத்தமாக இருக்கிறது. எழுத வேண்டிய செய்தியும் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. அடுத்த மழைக்காலம் வருமுன் அந்தப் பழைய மலரை இறக்கித் தூசி தட்டுங்கள். அதிலுள்ள படங்களில் இருப்போர் யார், எந்த ஊரினர் என வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.