வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய புகைப்பட ஆல்பம் இருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1960-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்துப் படங்களில் ஏதாவது ஒன்றில் ஒரு கார் நின்றுகொண்டிருக்கக் கூடும். மணமக்கள் அதன் அருகில் நிற்பார்கள். அல்லது கைக்குழந்தை ஒன்றை அதன் முன்மூடியின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். அது சொந்தக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு டாக்டருடையதாகவோ வாடகைக் காராகவோ இருக்கலாம். ஆனாலும் அது என்ன கார் என்று கண்டுபிடிப்பது எளிது. அக்காலத்தில் இந்தியாவில் தயாரான குடும்பக் கார்கள் ஏறத்தாழ மூன்றே வகைதான்.

உருண்டு திரண்டு, வயிறு புடைத்தாற்போல் இருந்தால் அது அம்பாசிடர். அதைவிடச் சிறிதாக, ஒடுக்கமாக இருந்தால் ஃபியட். முன்விளக்குகளுக்கு மேல் புருவம்போல் ஒரு விளிம்பும், பின்பக்கம் கூராக எழுந்த இறக்கை விளிம்பும் இருந்தால் ஐயமே வேண்டாம், அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அம்பாசிடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலும் ஃபியட் பம்பாயில் குர்லாவிலும் உருவாயின. ஹெரால்டு பிறந்த இடம் நம் சென்னையை அடுத்த வண்டலூர். முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நம் ஊர்க் காரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே இங்கே அதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுப்பதில் தவறில்லை.

மூன்றே வகை ஏன் என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் கார்களின் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. பூட்டுவது வேறு, தயாரிப்பது வேறு. 1953-இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது. படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இந்தியாவிலேயே செய்வதற்குத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே இங்கே இடம் என்பது அதன் சாரம். அமெரிக்க நிறுவனங்கள் மூட்டை கட்டின. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆகிய மூன்றும் கார் செய்ய எஞ்சி நின்றன.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை 1957-இல் அம்பாசிடர் என்ற பெயரில் கொண்டுவந்தது. பிரீமியர் நிறுவனம் இத்தாலியின் ஃபியட் 1100-ஐ எடுத்துக்கொண்டது. அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. பெயரைக் கேட்டதும் நம் திரைப்பட நடிகையை நினைத்துவிட வேண்டாம். அது சித்தூர் ராணியின் பெயர்.

சென்னை நிறுவனம் 1948-இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார், பிறகு சிறிய ஸ்டாண்டர்டு 10, பென்னன்ட் ஆகியவை வண்டலூரிலிருந்து வெளிவந்தன. 1961-இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று அறிமுகமான அதே கார்தான் இது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். புருவமும் இறக்கையும் அவர் கைவண்ணம்.

இனி அதன் உடற்கூற்றைப் பார்ப்போம். அக்காலத்தில் உலகெங்கும் கார் தயாரிப்பாளர்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டு, முட்டையோடு போல உடலே பாரத்தைத் தாங்கும் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் அந்த வகை. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்குத் திரும்பிற்று. கீழே எஃகுச் சட்டம். அதன் மேல் தனித்தனித் துண்டுகளாகச் செய்து திருகாணியால் முடுக்கிய உடல். காரணம் விசித்திரமானது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்பகுதிகளை அழுத்தி வார்த்துக் கொடுத்துவந்த தொழிற்சாலை 1953-இல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லை. எனவே, சிறு தொழிற்சாலைகள் பலவற்றில் துண்டு துண்டாகச் செய்து வாங்கிப் பூட்டும்படி காரையே வடிவமைத்தார்கள்.

இக்கட்டில் பிறந்த இந்த யோசனை வண்டலூருக்கு மிகவும் பொருந்திப்போயிற்று. துண்டுகளைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பிப் பூட்டலாம். ஒவ்வொரு துண்டாக உள்நாட்டிலேயே செய்யவும் தொடங்கலாம். ஒரே சட்டத்தின் மேல் வேறு வேறு உடல்களையும் ஏற்றலாம். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தான். பாட்டியும் அத்தையும் முன் இருக்கையை மடக்கி, குனிந்து பின்னால் ஏறுவது நம் ஊரில் நடக்கிற காரியமா? வண்டலூரில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகில் வேறெங்கும் அது தயாரானதில்லை.

ஹெரால்டின் முன்மூடி திறக்கும் விதமே ஒரு வேடிக்கை. முன்மூடி, இரு பக்க மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுமையாக வெளியே தெரியும். மெக்கானிக் டயரின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். கார் திரும்புவதற்கு வேண்டிய வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 25 அடிதான். லண்டன் டாக்சிகள் எந்த வட்டத்துக்குள் திரும்ப வேண்டும் என்று விதி இருந்ததோ, அதே அளவு. நம் மாட வீதிகளில் இதன் அருமை தெரியும்.

எஞ்சின் சிறியது: 948 க.செ.மீ. இந்த எண் எப்படி வருகிறது என்று மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 63 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 76 மி.மீ. ஆரத்தின் வர்க்கத்தை 3.1416-ஆல் பெருக்கி, அதை 76-ஆல் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 9,47,640 கன மி.மீ. கிடைக்கும். 1,000-ஆல் வகுத்தால் 948-ஐ ஒட்டி வந்துவிடும். அம்பாசிடரின் எஞ்சின் 1,489 க.செ.மீ., ஃபியட்டினுடையது 1,089. மூன்றில் ஹெரால்டுதான் சிறியது.

அதன் பின் சக்கரங்களின் அமைப்பில்தான் சிக்கல் இருந்தது. அம்பாசிடரில் இரு பின் சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியைச் சட்டத்தோடு முடுக்கிவிட்டு, அதன் இருபுறமும் பறவையின் சிறகுகளைப்போல் இரண்டு அரை அச்சுகளைப் பொருத்தினார்கள். ஒரு சிறகு அசைந்தால் மற்றது அசைய வேண்டியதில்லை. ஒற்றைச் சக்கரம் குழியில் விழுந்தாலும் பயணம் சுகமாக இருக்கும்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு இது. ஆனால் சிறகு அசையும்போது அதன் நுனியிலுள்ள சக்கரமும் சேர்ந்து சாயும் அல்லவா? நான்கு பேருக்கென்று செய்த காரில் நாம் எட்டுப் பேரை ஏற்றி, கூரையில் மூட்டைகளையும் கட்டினால் என்ன ஆகும்? உடல் கீழே இறங்கும். சிறகுகளின் நடுப்பகுதி தாழும். சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, அடி வெளியே விரிந்து, கார் காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். ஆளில்லாத காரை வளைவில் வேகமாகத் திருப்பி, சட்டென்று காலை எடுத்தாலோ நேர்மாறு: உடல் எழும்பும், சக்கரங்களின் அடி உள்ளே மடங்கும், தரைப்பிடிப்பு குறையும். இந்த அமைப்பு நம் சாலைகளுக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒத்துவரவில்லை. 1972-இல் ஹெரால்டின் வழியில் வந்த கெசல் என்ற காருக்குப் பழையபடி விறைப்பான அச்சையே கொடுத்துவிட்டார்கள். பின்னடைவு என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். இடத்துக்கேற்ற புத்தி என்றே நான் சொல்வேன்.

சாலைக்கும் வெயிலுக்கும் காருக்கும் நடந்த இன்னொரு போராட்டமும் உண்டு. எனக்குப் பத்து வயது இருக்கும். மே மாத விடுமுறையில் ஒரு பழைய காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கார் யாருடைய தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை; அக்காலக் கார்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் இருந்தது. பர்லியாறு தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோயிற்று. தொட்டியில் பெட்ரோல் நிறைய இருந்தது. சித்தப்பா பதறவேயில்லை. தோளிலிருந்த துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்து, முன்மூடியைத் திறந்து எதன் மேலோ சுற்றினார். "கால் மணி நேரம் பொறுங்க, தானா கிளம்பும்" என்றார். கிளம்பிற்று! மந்திரம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவர் துணியைச் சுற்றியது பெட்ரோல் பம்பின் மேல். பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் சில 35, 40 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். அக்காலப் பம்பு எஞ்சினின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மலையேறும்போது முதல் கியரில் எஞ்சின் கடுமையாக உழைத்துச் சூடேறுகிறது. மெதுவாகப் போவதால் காற்றோட்டமும் இல்லை. போதாக்குறைக்கு 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் காற்றழுத்தமே சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியிடுகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்பு ஆவியை அமுக்கி அமுக்கி விடுகிறதே தவிர, தள்ளுவதில்லை. ஈரத்துணி என்ன செய்கிறது? மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதைப் போன்றதுதான். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிற்காலக் கார்களில் மின்பம்பைத் தொட்டிக்குள்ளேயே வைத்து, பெட்ரோலை அழுத்தத்தோடு முன்னே தள்ளினார்கள். அதோடு ஈரத்துணியின் வேலை போயிற்று.

ஒரே உருவத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரு கார் ஓடியதைப் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அன்பு கண்ணை மறைக்கக் கூடாது. உருவம் மாறாததற்குக் காரணம் அச்சுகள். கதவையும் கூரையையும் எஃகுத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கப் பெரிய எஃகு அச்சுகள் வேண்டும். அவற்றின் விலை மிக அதிகம். கணக்குக்காக ஒரு காருக்கு வேண்டிய அச்சுகள் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் கார்கள் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,000 ரூபாய் விழும். பத்து லட்சம் செய்தால் 10 ரூபாய்தான். 1970-களில் இந்தியாவில் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஆண்டில் செய்த கார்கள் ஐம்பதாயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அரசின் உரிமம் வேண்டும். வெளியிலிருந்து இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி கிடைக்காது. புதிய அச்சுக்கு வழியேது? வாங்குபவர்களோ முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருந்து கிடைத்த முதல் காரைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டதும், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் இன்றைய பெரியவர்கள் பலருக்கு மறக்க முடியாத நாள்தான். அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு, காத்திருப்பு முடிந்த நிம்மதி என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1983 டிசம்பரில் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்து மாருதி 800 வந்ததும் கணக்கு புரண்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வண்டிகள் என்று திட்டமிட்டே அந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருந்தார்கள். கெசலை 1977-லேயே நிறுத்தி, வேன்களை மட்டும் செய்துகொண்டிருந்த வண்டலூர் தொழிற்சாலை, 1985-இல் கடைசியாக ஒருமுறை முயன்றது. இங்கிலாந்தின் ரோவர் காரின் நவீன உடலை எடுத்து ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டார்கள். ஆனால் உள்ளே வைத்தது பழைய வான்கார்டின் வழிவந்த எஞ்சின். பட்டுவேட்டி கட்டி மாட்டு வண்டியில் ஏறிய கதை. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டை ஒட்டி நின்றது. அம்பாசிடர் 2014 மே மாதம் வரை தாக்குப்பிடித்தது. பம்பாய் வீதிகளில் பதிவு பெற்ற கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

ஆனால் உள்நாட்டிலேயே பாகங்கள் செய்ய வேண்டும் என்று 1950-களில் போட்ட நிபந்தனையின் பலன் சென்னையில் மறையவில்லை. 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பாடியில் சக்கரத்துக்கு ஒரு தொழிற்சாலை, மின்கருவிகளுக்கு ஒன்று, பிரேக்குகளுக்கு ஒன்று என்று அடுத்தடுத்து எழுந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டுக் கார்கள் உருவாகத் தொடங்கியபோது, பாகங்கள் செய்யத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருந்தன.

சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது சென்றால், ஹெரால்டு ஒன்றையாவது நீங்கள் காணலாம். முதலில் பின்னால் போய் நின்று சக்கரங்களைக் கவனியுங்கள். காலை அகட்டியிருக்கிறதா என்று தெரியும். பிறகு உரிமையாளரிடம் முன்மூடியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்.