விசை வந்த வழி

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘விசை = நிறை × முடுக்கம்’ என்று இருக்கும். இலங்கைப் பாடநூலில் ‘விசை = திணிவு × ஆர்முடுகல்’ என்று இருக்கும். விதி ஒன்றுதான். அதைச் சொன்னவர் பெயரைக்கூட இங்கே நியூட்டன் என்றும் அங்கே நியூற்றன் என்றும் எழுதுகிறோம். மூன்று சொற்களில் இரண்டு கடல் தாண்டினால் மாறிவிடுகின்றன. கணக்கில் தெரியாமல் இருப்பது, நாம் கண்டுபிடிக்க வேண்டியது எதுவோ, அதன் பெயர் மட்டும் இரண்டு கரையிலும் விசைதான்.

இந்த இரண்டு வழக்குகளும் ஒரே சாப்பாட்டு மேசையில் சந்திக்கும் இடங்களில் ஒன்று, டொரொன்டோவுக்கு வடக்கே மார்க்கம் நகரத்துக்குள் இருக்கும் யூனியன்வில். மேல் கனடாவும் கீழ்க் கனடாவும் ஒன்றாக இணைந்த 1841இல் இங்கே கட்டப்பட்ட யூனியன் மில் என்ற மாவு ஆலையின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. 1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர் பலர் மார்க்கத்தில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வீட்டில் சந்தேகம் கேட்டால் “திணிவைப் பாத்தியா?” என்பார் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த அப்பப்பா. அடுத்த வீட்டுக் கோயம்புத்தூர் மாமா “நிறை எவ்வளவுன்னு போட்டிருக்கு?” என்பார். இருவரும் கேட்பது ஒன்றையே.

ஆனால் இதே நிறை, கணக்கைக் கவிழ்க்கவும் கூடும். தமிழ்நாட்டில் நிறை என்றால் கிலோகிராமில் அளக்கும் பொருளின் அளவு. புவி அதை இழுக்கும் இழுப்புக்கு எடை என்று பெயர். இலங்கையில் நிறை என்பதே அந்த இழுப்பு, அதாவது நியூற்றனில் சொல்ல வேண்டியது. யூனியன்வில்லின் டூகுட் குளக்கரையில் ஒரு குழந்தையைச் சறுக்குப் பலகையில் உட்கார வைத்துப் பனியில் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையும் பலகையும் சேர்ந்து 30 கிலோகிராம். நின்ற நிலையிலிருந்து 2 நொடியில் வேகம் நொடிக்கு 3 மீட்டர் ஆகிறது. முடுக்கம் 1.5. பெருக்கினால் 45 நியூட்டன். இதுதான் நிகர விசை, யாழ்ப்பாணத்து வழக்கில் விளையுள் விசை. கயிற்றில் கட்டிய வில் தராசு 60 காட்டினால், மீதி 15 நியூட்டன் பனியின் உராய்வு. கண்ணுக்குத் தெரியாத ஒரு விசைக்கு இப்படி எண் கிடைத்துவிடுகிறது. இதே கணக்கில் ‘நிறை 30’ என்று அலகில்லாமல் எழுதிக் கொடுத்தால், அப்பப்பா அதை 30 நியூற்றன் என்று எடுத்துக்கொண்டு 9.8ஆல் வகுப்பார். திணிவு மூன்று கிலோகிராமைச் சற்றே தாண்டும். விடை 4.6 நியூற்றன் என்று வரும். அவர் வழியில் அவர் செய்தது சரி. ஆனாலும் விடை பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

நிறை பழைய சொல். முகத்தலளவையை அளவு என்றும் நிறுத்தலளவையை நிறை என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. தட்டுத் தராசுக்கு நிறைகோல் என்றும் பெயர். அந்தத் தராசு ஒரு தட்டில் உள்ள பொருளை மறு தட்டின் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. புவி இரண்டையும் ஒன்றுபோல இழுப்பதால் அந்த இழுப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடும். நிலவுக்குக் கொண்டுபோனாலும் அது அதே விடையைத்தான் சொல்லும். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டார் நிறையை இந்தப் பொருளுக்கு வைத்ததில் நியாயம் இருக்கிறது.

என்றாலும் என் மனம் திணிவின் பக்கமே சாய்கிறது. திணிதல் என்றால் செறிந்து இறுகுதல். மண் செறிந்த நிலத்தைச் சொல்ல இந்த வினையையே புறநானூற்றின் இரண்டாம் பாட்டு எடுத்துக்கொள்கிறது. நியூட்டனும் 1687இல் தம் பிரின்சிப்பியாவின் முதல் வரையறையாக, பொருளின் அளவு என்பது அதன் அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவது என்றே வைத்தார். ஓர் இடத்துக்குள் எவ்வளவு திணிந்திருக்கிறது என்பதே அது. எடையோடு குழப்பிக்கொள்ளவும் இந்தச் சொல் இடம் தராது.

முடுக்கமும் ஆர்முடுகலும் வேறு வேறாகக் காதில் விழுந்தாலும் முடுகு என்ற ஒரே வினையின் பிள்ளைகள். பெருகு பெருக்கம் ஆனது போல முடுகு முடுக்கம் ஆயிற்று. விரைந்தோடும் சந்தத்தை முடுகு என்று யாப்பில் இன்றும் சொல்கிறோம். இலங்கையார் ஆர்தல், அமர்தல் என்ற இரண்டு வினைகளை முன்னே வைத்து, வேகம் கூடினால் ஆர்முடுகல், தணிந்தால் அமர்முடுகல் என்று இணை கட்டினார்கள். தமிழ்நாட்டின் எதிர்முடுக்கத்தைவிட அமர்முடுகல் எவ்வளவோ அழகு.

இந்த வேறுபாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ராஜாஜி 1916இல் சேலத்தில் அறிவியல் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1930களில் சென்னையில் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர். யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1938இல் அந்தப் பணியின் பயனாகக் கலைச்சொல் தொகுப்பு வந்தது. அவர் 1947இல் மறைந்தார். பிறகு இலங்கை அரசு 1950களிலிருந்து தனக்கெனச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சென்னை தன் வழியில் பாடநூல் எழுதியது. இரண்டு அரசுகள், இரண்டு குழுக்கள். இங்கே ஆற்றல் ஆனது அங்கே சக்தி. இங்கே திறன் ஆனது அங்கே வலு.

இத்தனைக்கும் நடுவே விசை மாறவில்லை. அது பேச்சில் வேரோடிய சொல் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். விசையாக நட என்றால் வேகமாக நட. விசைத்தல் என்றால் விரைதல், துள்ளுதல். துப்பாக்கிக்கு விசை உண்டு, ஈரோட்டில் விசைத்தறி உண்டு, மீனவருக்கு விசைப்படகு உண்டு. லத்தீனில் எழுதிய நியூட்டன் இதற்கு விஸ் என்ற சொல்லை வைத்தார். ஒலியில் நெருக்கமாக இருப்பதால் சிலர் உறவு தேடுவார்கள். அந்தச் சொல்லின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு.

விசைக்கு முதலில் வேகம் என்று பொருள் இருந்ததை மட்டும் இயற்பியல் கற்பிப்பவர்கள் மறக்கக் கூடாது. குளக்கரையில் கயிற்றை விட்டுவிட்டால் பலகை இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். “விசை தீர்ந்துபோச்சு” என்போம். பழைய பொருளில் அது பிழையே இல்லை, தீர்ந்தது வேகம். பாடநூலின் பொருளில் நடந்தது வேறு. கயிற்றை விட்டதும் இழுப்பு போய்விட்டது. 15 நியூட்டன் உராய்வு மட்டும் பின்னோக்கி நிற்கிறது. அதை 30ஆல் வகுத்தால் நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வீதம் வேகம் குறையும். நொடிக்கு 3 மீட்டரில் ஓடிய பலகை நிற்க 6 நொடி ஆகும். அந்த 6 நொடியும் விசை குறையவே இல்லை.