உச்சி எப்போது?

போடிநாயக்கனூர் ஏலத்தையே ஏலம் விடும் ஊர். அடுத்த பறிப்பு எவ்வளவு தேறும் என்று அங்கே வியாபாரிகள் சொல்லும் ஆரூடம் சில மாதங்களில் பலித்துவிடும், அல்லது பொய்த்துவிடும். கரிப்புகை கதை வேறு. அது உச்சியைத் தொட்டதா என்பது, இறங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பிறகே உறுதிப்படும்.

கரியமில வாயு பூமியை எவ்வளவு சூடாக்கும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டார். 2015-இல் பாரிஸில் கூடிய நாடுகள், உச்சியை விரைவில் எட்ட வேண்டும் என்றன. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலம் ஆகும் என்றும் ஒப்புக்கொண்டன. கிளாஸ்கோவில் 2021-இல் இந்தியா 2070-ஐக் கெடுவாகச் சொன்னது. உச்சி ஆண்டைச் சொல்லவில்லை.

நமக்கு விளக்கும் தொழிலும் வேண்டும்; அவகாசம் கேட்பது நியாயமே என்பேன். ஆனால் ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் நம்பிப் பிழைப்பது. 2024 கோடையில் இடுக்கி மலைத் தோட்டங்கள் கருகின. செடிக்கு அவகாசம் தர எந்த மாநாட்டால் முடியும்?