ஒரே பயணத்தில் ரெண்டு சூரிய உதயம்

போன மாசம் பதினாலு மணி நேரம் விமானத்துல உட்கார்ந்து வந்துட்டு, முதுகு போச்சு, கால் வீங்கிடுச்சுன்னு ஒரு வாரம் புலம்பிக்கிட்டு இருந்தேன். அப்புறம் பெர்த் - கொக்கல கதையைப் படிச்சேன். புலம்பல் தானா நின்னு போச்சு :-)

கொக்கல, இலங்கையின் தெற்கே காலிக்குப் பக்கத்துல ஒரு ஏரிக்கரை ஊர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுதான். இரண்டாம் உலகப்போர்ல விமானத் தளத்துக்காக ஊர் மக்களைக் கிளப்பிட்டாங்க. அவரோட பூர்வீக வீடு மட்டும் எப்படியோ தப்பிச்சு, இப்போ அருங்காட்சியகமா இருக்கு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும், ஆஸ்திரேலியா - இங்கிலாந்து வான்வழி அறுந்து போச்சு. மாற்று வழி? இந்துமாக்கடலை ஒரே தாவலாத் தாவுறதுதான். 1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து கொக்கல ஏரிக்குப் பறக்க ஆரம்பிச்சது. சுமார் 5,600 கி.மீ., நடுவுல எங்கேயும் இறங்காம.

விமானம் கேட்டலினா. தண்ணியில இறங்கற ரெட்டை எஞ்சின் பறக்கும் படகு. வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. தான். கணக்குப் போட்டுப் பாருங்க, 28 மணி நேரம்! எதிர்க்காத்து அடிச்சா இன்னும் இழுக்கும். ஒரு தடவை 32 மணி 9 நிமிஷம் ஆச்சாம். அதனாலதான் பயணிகள் வானத்துலயே ரெண்டு தடவை சூரியன் உதிக்கறதைப் பார்த்தாங்க. பார்த்தவங்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்'னு ஒரு சான்றிதழ் வேற!

படிக்க ஜாலியா இருக்கு. ஆனா உள்ளே இருந்தவங்களுக்கு? எடை முழுக்க பெட்ரோலுக்கே போயிடும். மிச்ச இடத்துல அதிகபட்சம் மூணே பயணிகள், 69 கிலோ தபால். கிளம்பின முதல் சில மணி நேரத்துல ஒரு எஞ்சின் நின்னா, அந்தக் கனத்தோட மேலே நிக்க முடியாது. துப்பாக்கி கிடையாது. ஜப்பான்காரன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு ரேடியோவுல வாயே திறக்க மாட்டாங்க. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி.

அந்த அஞ்சு விமானத்துக்கும் நட்சத்திரப் பேருதான். அல்டேர், வேகா, ரிஜெல், அன்டாரஸ், ஸ்பைகா. நம்ம பஞ்சாங்கத்துல சொன்னா அல்டேர் திருவோணம், அன்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. (கேட்டை நட்சத்திரத்துல பயணம் போகலாமான்னு எங்க பாட்டியைக் கேட்டிருக்கணும்!)

2018 மார்ச்சிலிருந்து அதே பெர்த்லேர்ந்து லண்டனுக்கு நேரடி விமானம் பறக்குது. தூரம் 14,500 கி.மீ. பக்கம், நேரம் சுமார் 17 மணி. தூரம் ரெண்டரை மடங்குக்கும் மேல. ஆனா இவ்வளவு நேரம் வானத்துலயே இருந்த பயணிகள் சேவைன்னு பார்த்தா சாதனை இன்னும் அந்த மெதுவான படகுகள் கையிலதான்.

1945 ஜூலையில் சேவை முடிஞ்சது. மொத்தம் 271 தடவை கடலைக் கடந்திருக்காங்க. ஒரு விமானம், ஒரு உயிர் கூடப் போகலை. போர் முடிஞ்சதும், இரவல் வாங்கின ஒப்பந்தப்படி, அஞ்சு விமானத்தையும் அவங்களே கடல்ல மூழ்கடிச்சுட்டாங்க.