ஒரே பந்தி, ஒரே கிணறு: கூட்டு வாழ்வின் வரலாற்றுப் பாடம்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது தமிழ் மக்கள் நாவில் வழங்கும் பழமொழி. ஆயின், யாருடன் கூடி வாழ்வது என்னும் வினா எழுந்தவுடன், ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நம் நாட்டு வாழ்க்கை கண்முன் தோன்றுகிறது. பிறந்த தெருவை விட்டு, ஒரு கொள்கைக்காகத் தாமே முன்வந்து ஒரே கூரையின்கீழ் வாழ முற்பட்ட மக்களும் வரலாற்றில் உண்டு. அவர்கள் அமைத்த கூட்டு வாழ்வு இல்லங்கள் சிலவற்றின் வரலாற்றை, வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் உறுப்பினர்களும் இளைஞர்களும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வில்லங்களில் இன்பமும் இருந்தது, இடரும் இருந்தது. அவற்றின் தரத்தை உள்ளபடி காட்டியவை மூன்று: உண்ணும் பந்தி, நீர் எடுக்கும் கிணறு, கழிப்பிடம் துப்புரவு செய்யும் முறை. இம்மூன்றையும் மனத்திற்கொண்டு இவ்வரலாற்றைக் காண்போம்.

தால்ஸ்தாய் பண்ணை

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசின் இனவேற்றுமைச் சட்டங்களை எதிர்த்து இந்தியர் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்த காலத்தில், அவர்தம் குடும்பங்களைக் காக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில், ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் லாலி என்ற இடத்தில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். அதுவே தால்ஸ்தாய் பண்ணை ஆயிற்று.

அங்கு இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் ஆகிய நான்கு சமயத்தாரும் வாழ்ந்தனர். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எனப் பல மொழியினரும் இருந்தனர். வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாப் பணிகளையும் அவர்களே செய்தனர். சமையற்கூடம் ஒன்று, பந்தியும் ஒன்று. புலால் உண்டு பழகிய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பொதுநலம் கருதி மரக்கறி உணவுக்கு இசைந்தனர். தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவினர்; பொதுப் பாத்திரங்களைக் குழுக்கள் முறைவைத்துத் துலக்கின. மலத்தைக் குழிதோண்டி இட்டு மண்ணால் மூடினர். அதனால் நாற்றமோ ஈயோ இல்லை. பயன்படுத்திய நீர் மரங்களுக்குப் பாய்ச்சப்பட்டது. சுகாதாரப் பணியையும் சந்தையில் பொருள் வாங்கும் பணியையும் மேற்பார்த்தவர் தம்பி நாயுடு என்னும் போராட்டத் தலைவர். தலைவராயிருப்பவர் சுகாதாரப் பொறுப்பை ஏற்றதனால் அப்பணிக்கு இழிவு என்ற பெயர் அங்கே நிலைக்கவில்லை.

அவ்வாழ்வில் மகிழ்ச்சிக்கும் குறைவில்லை. காலன்பாக் தாம் கற்ற செருப்புத் தைக்கும் தொழிலைக் காந்தியடிகளுக்குக் கற்பிக்க, அடிகள் பிறருக்குக் கற்பித்தார். தோலைத் தொட்டுத் தொழில் செய்வோர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள், அங்கே அத்தொழிலைப் பெருமையுடன் பயின்றனர். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது விதி. அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைந்தனர். ரம்சான் மாதத்தில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பு நோற்கையில் மற்றவரும் உடன் நோற்றனர். போப் எழுதிய கையேட்டைக் கொண்டு கற்ற சிறிதளவு தமிழால், தமிழ்ச் சிறுவர்க்கு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தார் காந்தியடிகள். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தாலோ, அம்மாணவர்களே மொழிபெயர்ப்பாளராயினர்! ஆசிரியர் மாணவரிடம் கற்கும் இத்தகைய காட்சி, பள்ளியில் பணியாற்றும் நம்போன்றோர்க்குப் பெரிதும் உவகை தருவதாகும்.

போராட்டம் இடையில் தணிந்தமையால் குடும்பங்கள் தத்தம் ஊர் திரும்பின. 1913ஆம் ஆண்டில் பண்ணை வாழ்வு முடிவுற்றது.

கோச்ரப் ஆசிரமம்

அயல்நாட்டில், ஒரே அடக்குமுறைக்கு ஆளானவர்கள் ஒரே பந்தியில் அமர்வது ஓரளவு எளிதாயிருந்தது. சாதி வேரூன்றிய தாயகத்தில் அது எளிதாயிருந்ததா? அந்தச் சோதனை 1915ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு மே மாதம் அகமதாபாத் நகரை அடுத்த கோச்ரப் என்னும் இடத்தில், வாடகை வீடொன்றில் காந்தியடிகள் ஆசிரமம் தொடங்கினார். ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 25 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் 13 பேர் தமிழர் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. அனைவரும் ஒரே சமையற்கூடத்தில் உண்டு ஒரே குடும்பமாக வாழ முயன்றனர். சில திங்களில், அமிர்தலால் தக்கர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தின்பேரில், தீண்டப்படாதோர் எனப்பட்ட குடும்பம் ஒன்று அங்கே சேர்ந்தது. பம்பாயில் ஆசிரியராக இருந்த தூதாபாய், அவர் மனைவி தானிபென், தவழும் குழந்தை லட்சுமி ஆகிய மூவரே அக்குடும்பத்தினர்.

முதல் எதிர்ப்புக் கிணற்றடியில் எழுந்தது. வீட்டு உரிமையாளருக்கும் அக்கிணற்றில் பங்குண்டு. நீர் இறைக்கும் பொறுப்பிலிருந்தவர், ஆசிரமத்தார் வாளியிலிருந்து சிந்தும் துளி தம்மைத் தீட்டுப்படுத்தும் என்று வசைபாடினார். தூதாபாயைத் துன்புறுத்தவும் செய்தார். எதிர்த்துப் பேசாது பொறுத்து, நீர் எடுப்பதை மட்டும் நிறுத்தாதிருக்குமாறு காந்தியடிகள் கூறினார். நாளடைவில் அம்மனிதர் நாணி அடங்கினார். அடுத்து, செல்வர்கள் அளித்துவந்த பொருளுதவி நின்றது. ஊர்விலக்குச் செய்யப்படலாம் என்ற செய்தியும் பரவியது. அப்படியாயின் தீண்டப்படாதோர் வாழும் பகுதிக்கே குடிபோவோம் என்றார் அடிகள். அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்ற நிலையில், செல்வர் ஒருவர் காரில் வந்து ரூ. 13,000 அளித்துச் சென்றார். ஆசிரமம் பிழைத்தது.

மூன்றாம் இடர் வீட்டினுள்ளே தோன்றியது. கஸ்தூரிபாவும் பிற பெண்களும் தானிபென்னை மனமார ஏற்கவில்லை. பணமுடை தரவில்லை என்னும் அளவுக்கு இவ்வுட்பூசல் தமக்கு வேதனை தந்ததாகக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். தூதாபாய் சிற்சில வேளைகளில் சினந்தெழுந்தார் என்றும், சிறிய அவமதிப்புகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு அவரைத் தாம் வேண்டினார் என்றும், அவரும் இசைந்து தம் மனைவியையும் இசைவித்தார் என்றும் அந்நூல் கூறுகிறது. பின்னாளில் சிறுமி லட்சுமியைக் காந்தியடிகள் தம் மகளாகவே ஏற்று வளர்த்தார்.

இளைஞர்களே, இவ்விடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். உதவி நின்றபோதும் அக்குடும்பத்தைக் கைவிடாத துணிவைப் போற்றுகிறோம். ஆயினும் பொறுமை யாரிடம் வேண்டப்பட்டது? வசைபாடியவரிடமும் முகம் சுளித்தவரிடமும் வேண்டப்பட்டதைவிட, வசை கேட்டவரிடமே மிகுதியாக வேண்டப்பட்டது. தானிபென் என்ன எண்ணினார் என்பதை அவர் வாய்மொழியாக அந்நூலில் நாம் கேட்க இயலவில்லை. அவ்வீட்டின் கூட்டு வாழ்வுக்கு மிகுதியான விலை கொடுத்தவர் அப்பெண்மணியே எனக் கூறுவது மிகையாகாது.

சேரன்மாதேவி குருகுலம்

வடக்கே ஒரு குடும்பம் பந்தியில் சேர்ந்ததால் புயல் எழுந்தது. தமிழகத்திலோ இருவர் பந்தியில் சேராததால் புயல் எழுந்தது. வ.வே.சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். நாட்டுப்பற்றும் தாய்மொழிக் கல்வியும் உடலுழைப்பும் ஒருங்கே வளர வேண்டும் என்பது அவர் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு ரூ. 5,000 வழங்கியது. ஆயின் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடு, தந்தை பெரியார் முதலியோர் கண்டனக் குரல் எழுப்பினர். பெற்றோர்க்கு வாக்களித்துவிட்டமையால் அவ்விருவருக்கு மட்டும் அவ்வழக்கம் தொடரலாம், இனிச் சேர்வோர்க்குக் கூடாது என்னும் கருத்துப்படக் காந்தியடிகள் சமரசம் கூறினார். பூசல் அடங்கவில்லை. 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார்.

அரிய அறிஞர் ஒருவர் நடத்திய நிறுவனம் இரண்டு இலைகளைத் தனியே போட்டதால் குலைந்தது. அவ்வழக்கும் பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற அளவிலேயே பேசப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு எந்தப் பந்தி என்னும் வினா அப்பேச்சில் முன்னிற்கவில்லை.

நாமே கட்டிய இல்லங்கள்

பிறர் வீட்டுப் பந்தியில் இடம் கேட்டு நிற்பதோடு நம் முன்னோர் அமையவில்லை. 1916ஆம் ஆண்டிலேயே சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்டு, நம் பிள்ளைகள் தங்கிக் கற்க வழிசெய்தார். அண்ணல் அம்பேத்கர் 1924ஆம் ஆண்டில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1925இல் அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது. இவ்வில்லங்களில் நம் மாணவன் பொறுமை காக்கும் விருந்தினனாக இல்லை. உரிமையுள்ள வீட்டுப்பிள்ளையாக வாழ்ந்தான். தலைநிமிர்ந்து கற்பதற்கு இவ்வுணர்வு இன்றியமையாதது.

எனினும் நம் வீடு என்பதால் சோதனை நீங்கிவிடாது. நம்முள்ளும் உட்பிரிவுகள் உண்டு; ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினர் வீட்டில் உண்ணத் தயங்குவதை நம் ஊர்களில் இன்றும் காண்கிறோம். கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடைசெய்து 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. இருந்தும் துப்புரவுப் பணி ஒரு பிரிவினர் தலையிலேயே சுமத்தப்படுகிறது. விழா நாட்களில் ஆடவர் மேடையில் அமர, பெண்டிர் அடுப்படியில் நின்று கடைசிப் பந்தியில் உண்கின்றனர். தானிபென்னுக்கு நேர்ந்ததை நாம் வேறொரு பெயரில் நம் வீட்டிலேயே நிகழவிடலாகாது.

ஆகவே, நம் சங்க உறுப்பினர்களுக்கும் விடுதிகளில் வாழப்போகும் இளைஞர்களுக்கும் நாம் கூற விரும்புவன மூன்று. முதலாவது, எந்த உட்பிரிவினராயினும் ஒரே பந்தியில் அமர்ந்து, உண்ட தட்டைத் தாமே கழுவுக. இரண்டாவது, கழிப்பறை துப்புரவு செய்யும் முறைப் பட்டியலில் தலைவர் பெயர் முதலில் இடம்பெறுக. மூன்றாவது, புதிதாக வந்தவர் மனம் புண்பட்டால், பொறுத்துக்கொள் என்று அவரிடம் கூறாது, புண்படுத்தியவரை அழைத்துத் திருத்துக. தூதாபாயிடம் கேட்கப்பட்ட பொறுமையை நாம் எவரிடமும் கேளாதிருப்போமாக.

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சங்கம் நிலைபெறுவது பெருமைக்குரியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் கூரையின்கீழ் வரும் கடைசிப் பிள்ளைக்கும் முதற்பந்தியில் இடமிருப்பின், அப்பெருமை முழுமை பெறும். அதற்கு நாம் அனைவரும் உறுதி பூணுவோம்.