அறிவிப்பு ஆட்டோ பிறந்த கதை

ஏப்ரல் பிறந்துவிட்டால் மதுரையில் வீதி வீதியாக அந்த ஆட்டோ வரும். கூரைமேல் முன்னால் பார்த்து ஒன்று, பின்னால் பார்த்து ஒன்று என இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஆள் உட்கார வேண்டிய பின் சீட்டில் ஒரு பேட்டரி, ஒரு ஆம்ப்ளிஃபயர், அதில் செருகிய பென் டிரைவ். ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு’ என்று ஏற்ற இறக்கத்தோடு ஒரு குரல் ஆரம்பிக்கும். அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு என்பது சேதி. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆட்டோ முக்குத் திரும்பிவிடும். கனிவான கவனம் நம் வீட்டுக்கு, தேதி அடுத்த தெருவுக்கு.

இந்த ஆட்டோவுக்கு அப்பன் யார் என்று கேட்டால் எல்லோரும் தண்டோராவைக் காட்டுவார்கள். பார்க்கிற வேலை அதே வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மைக் செட் வந்ததும் தமுக்கு ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் குழாய் ஸ்பீக்கர் இரண்டு மூன்று தலைமுறையாக அலறிக்கொண்டிருந்தது. அத்தனை காலமும் அரசாங்கம் மட்டும் கிராமத்துக்குச் சொல்ல வேண்டியதைத் தோலைத் தட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அது நின்றது 2022இல்.

பறைக்கு ஒரு பெருமைக் காலமும் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேர மன்னன் செங்குட்டுவன் வடக்கே படையெடுக்கக் கிளம்புகிறான். அங்குள்ள அரசர்களுக்கு ஓலை அனுப்பலாம் என்கிறான் அவன் அவையில் இருந்த வில்லவன் கோதை. ஓலை எதற்கு என்கிறான் அதே அவையின் அழும்பில்வேள். அந்த அரசர்களின் ஒற்றர்கள் தலைநகர் வஞ்சியின் வாசலை விட்டு நகராமல் கிடக்கிறார்கள், ஊருக்குள் பறை அறைந்தால் போதும், சேதி தானே போய்ச் சேரும் என்பது அவன் யோசனை. யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைகிறார்கள். உள்ளூர்ச் செய்தியும் வெளியூர்ச் செய்தியும் ஒரே அடியில் முடிந்தது. ஒற்றர்களை அன்றைய நிருபர்கள் என்றே சொல்லலாம், சம்பளம் மட்டும் எதிரி கொடுத்தான்.

காலப்போக்கில் யானை போய்விட்டது. அறைகிறவர் தரையில் நடந்தார், பல ஊர்களில் வெறுங்காலோடு. கிராம முன்சீப், கர்ணம், தலையாரி, வெட்டியான் என்று அடுக்கிய கிராம நிர்வாகத்தில் தமுக்கு கடைசிப் படியில் இருந்தவரின் கழுத்தில் தொங்கியது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றியுள்ள எந்தத் தாலுகாவாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். சாவடி முன்னால் நின்று நாலு தட்டு. ஆட்கள் எட்டிப் பார்த்ததும், ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று ஆரம்பம். கிஸ்தி கட்டக் கடைசி நாள், ஜமாபந்தி, கண்மாய் மீன் ஏலம், பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள். சொல்லி முடித்தால் ‘டம் டம்’ என்று முற்றுப்புள்ளி. பிறகு அடுத்த முக்கு. செருப்புப் போட்டு நடக்க விடாத தெருக்களில் நின்றுதான் அந்தத் தெருக்காரர்களுக்கு அவர் அரசாங்கத்தின் குரலாக இருக்க வேண்டியிருந்தது. கூலி களத்துமேட்டில் அளக்கும் நெல்.

சட்டமும் தமுக்கை விடவில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், ஒரு நிலத்தையோ வீட்டையோ கோர்ட் ஜப்தி செய்தால், அந்த உத்தரவைச் சொத்து இருக்கும் இடத்திலோ அதன் பக்கத்திலோ பறை அடித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கடனாளியின் மானத்தை நடுத்தெருவில் வாங்குவதற்கும் பறை அடிப்பவரின் கைதான் வேண்டியிருந்தது. 1980 நவம்பர் 14இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. நிர்வாக அலுவலர் வந்தார், உதவியாளர் வந்தார். தண்டோரா மட்டும் அந்தப் பழைய கழுத்திலேயே கிடந்தது.

நகரத்துக் கதை கொஞ்சம் வேறு. மதுரை நகராட்சி அமைந்தது 1866 நவம்பர் 1இல். அதன்பின் அறிவிப்புப் பலகை, அரசிதழ் என்று சேதி காகிதத்துக்கு ஏறியது, ஏறியதும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஆனது. அதே நவம்பர் 1ஆம் தேதி, 1942இல், சி.பா. ஆதித்தனார் இதே மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழ் என்று ஆனபிறகு, டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். நகராட்சி சேதி பெஞ்சுக்கு வந்தது. நாளைய மின்தடை எந்தெந்தப் பகுதியில் என்று பார்க்கிற வழக்கமும் அப்படித்தான் ஊன்றியது.

ஆட்டோவின் உண்மையான ரத்த சொந்தம் சினிமா வண்டி என்பது என் கட்சி. படம் மாறும்போதெல்லாம் தட்டியும் போஸ்டரும் கட்டிய வண்டி ஊரைச் சுற்றும். உள்ளே ஒருவர் மைக்கில் நடிகர் பெயர்களை நீட்டி முழக்குவார், இன்னொருவர் கலர் நோட்டீஸை வாரி வீசுவார், அதைப் பொறுக்கப் பையன்கள் புழுதியில் ஓடுவார்கள். 1952இல் திறந்த தங்கம் மாதிரி ஆயிரக்கணக்கில் நாற்காலி போட்ட தியேட்டரை ஒவ்வொரு நாளும் நிரப்ப வேண்டுமென்றால் சுற்றுக் கிராமங்களுக்கும் குரல் போயாக வேண்டும். நகர்ந்துகொண்டே பேசுவது, ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, குரலைக் குழைப்பது என ஆட்டோவின் லட்சணம் அத்தனையும் அங்கே பழகியது. தேர்தல் ஜீப்புகள் அதை எடுத்துக்கொண்டன. ஜவுளிக்கடைத் தள்ளுபடி எடுத்துக்கொண்டது. ஆக, மாநகராட்சிக்கு அந்த வண்டி வந்து சேர்ந்தபோது அதற்கு நல்ல அனுபவம் இருந்தது. சேலைத் தள்ளுபடிக்கும் கொசு ஒழிப்புக்கும் இன்றைக்கும் கிட்டத்தட்ட ஒரே குரல்தான்.

அதன் பொற்காலம் என்று சொல்லக் கூசுகிறது, ஆனாலும் 2020தான் அது. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சிக்கும் பரவை பேரூராட்சிக்கும் சுற்றியுள்ள ஒன்றியங்களுக்கும் முழு ஊரடங்கு. தெருவில் ஈ காக்கை கிடையாது, ஆட்டோ மட்டும் போகும். எந்தக் கடை எத்தனை மணி வரை, காய்ச்சல் முகாம் எங்கே என்று ஜன்னலில் காதை வைத்துக் கேட்டார்கள். அந்த அமைதியில்தான் அதன் வாக்கியம் முழுசாகக் காதில் விழுந்தது.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடுவதைப் பற்றிச் சிலர் சமூக ஊடகத்தில் ஆதங்கப்பட்டதைப் பார்த்ததாகவும், தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்தபின் அது தொடரத் தேவையில்லை என்றும் அதில் சொன்னார். வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி மூலை முடுக்கெல்லாம் சேதியைக் கொண்டுபோகலாம், மீறித் தண்டோராவில் ஆட்களை ஈடுபடுத்தினால் நடவடிக்கை என்பது கடிதத்தின் சாரம். தொழில்நுட்பம் காரணமாகச் சொல்லப்பட்டாலும், அந்த ஆதங்கம்தான் கடிதத்தை எழுத வைத்தது. ஸ்பீக்கர் முன்பே இருந்தது. தமுக்கு யார் கழுத்தில் தொங்குகிறது என்று ஆட்சியில் ஒருவர் கேட்பதற்குத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. கிராமத்து அறிவிப்பு ஆட்டோவுக்குப் பிறந்த நாள் ஒன்று குறிக்க வேண்டுமென்றால் நான் அந்தக் கடிதத்தின் தேதியைத்தான் குறிப்பேன்.

போனது ஒன்றும் உண்டு. தமுக்கு அடித்தவர் நின்று பேசினார், ஆட்டோ நிற்பதில்லை. ‘என்னப்பா, எந்தக் கண்மாய்?’ என்று அவரிடம் கேட்கலாம், தெரிந்ததைச் சொல்வார். பென் டிரைவிடம் என்ன கேட்பது? ஆபத்துச் சேதிகளில்தான் இது உறைக்கிறது. வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. கீழே இருக்கும் ஐந்து மாவட்டக் கரையோரமும் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். கரையோரக் குடிசையில் இருப்பவருக்கு எண் தெரிந்தால் போதாது, ஆட்டுக்குட்டிகளை அவிழ்த்துக்கொண்டு இப்போதே ஏற வேண்டுமா, காலையில் ஏறலாமா என்பது தெரிய வேண்டும். இந்த மாதிரி நேரத்திலாவது வண்டி முக்குக்கு முக்கு நின்று, ஓட்டுநர் மைக்கைக் கையில் எடுத்துப் பேசுவதுதான் முறை.

திருப்பிக் கேட்பது என்றால் கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறது. அதிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே தேர்தல் நிலைக்கவில்லை. 2006இல்தான் தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அறிவிப்பை அடித்துச் சொல்கிறவராக இருக்கலாம், அறிவிப்பில் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பத்து வருஷப் பிடிவாதம். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் வந்து உட்கார்ந்தார்.

நகரத்துக்கு 2022 வரை அந்தக் கொடுப்பினைகூட இல்லை. 2011இல் மதுரையின் வார்டுகள் 72இலிருந்து 100 ஆனபோது திருப்பாலை, கண்ணனேந்தல், வண்டியூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன. அந்த மக்களுக்கு மாநகராட்சி விலாசம் கிடைத்தது, கிராம சபை போய்விட்டது. வரவு செலவை எழுந்து நின்று கேட்கும் இடமில்லாமல் பதினோரு வருஷம். 2022இல் வார்டு கமிட்டி, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. தமுக்குக்குத் தடை வந்து மூன்று மாதத்தில், நகரத்துக்காரர் திருப்பிக் கேட்க ஓர் இடம். இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று தேவை. கூடும் நாளைத் தெருவுக்குச் சொல்லாத சபைக்குக் கவுன்சிலரின் ஆட்கள்தான் வருவார்கள். வரி கட்டச் சொல்லி எத்தனை ரவுண்டு வருகிறதோ அத்தனை ரவுண்டு பகுதி சபைக்கும் ஆட்டோ வர வேண்டும் என்பதை ஆட்டோ வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மத்தியச் சட்டம், தலைமைச் செயலாளரின் கடிதம் அதைத் திருத்த முடியாது. ஆனால் அதை எழுதியவர்கள் பறையோடு நிறுத்தாமல், ‘அல்லது வழக்கத்தில் உள்ள வேறு முறையில்’ என்றும் ஒரு வால் சேர்த்திருக்கிறார்கள். ஜப்தி உத்தரவை ஆட்டோவில் கட்டிய குழாயில் சொன்னாலும் அந்த வாலுக்குள் அடங்கிவிடும்.